ஊர் ஊராகக் கேட்டுக் கோடு கீறிய நாடு

அப்பாவின் பிறப்புச் சான்றிதழில் மட்டக்களப்பு மாவட்டம் என்று இருக்கும், என்னுடையதில் அம்பாறை. இரண்டு பேரும் பிறந்தது தம்பிலுவிலில், ஒரே வளவில்தான். 1961 இல் மட்டக்களப்பின் தெற்கைப் பிரித்து அம்பாறை மாவட்டம் ஆக்கியதில் எங்கள் ஊர் அந்தப் பக்கம் போய்விட்டது.

ஒரு பதிவு அலுவலுக்காக அந்த இரண்டு கடதாசியையும் எடுத்து வைத்திருந்த நேரம் சுவிஸிலிருந்து மச்சான் கோல் எடுத்தான். அவன் பேர்ண் கன்டோனில் இருக்கிறான். பக்கத்தில் மூத்தியே என்று ஒரு சின்ன நகரம், 2026 ஜனவரி 1 ஆம் திகதி பேர்ணை விட்டு ஜூரா கன்டோனோடு சேர்ந்துவிட்டதாம், இனி அங்குள்ள கார்களின் இலக்கத் தகட்டில் பேர்ணின் சின்னமான கரடி இருக்காது என்றான்.

கன்டோன் என்றால் மாகாணசபை மாதிரி ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. 26 கன்டோன், ஒவ்வொன்றுக்கும் தனி அரசியலமைப்பு, தனிப் பாராளுமன்றம், தனிப் பொலிஸ், தனி வரி. மத்திக்கு என்று எழுதிக் கொடுத்தது போக மிச்சமெல்லாம் கன்டோனுக்குத்தான். இங்கே இலங்கையில், அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தில் மாகாணசபைகளுக்கு என்று எழுதிய பொலிஸ், காணி அதிகாரமே கைக்கு வரவில்லை, கிழக்கு மாகாணசபை 2017 இல் கலைந்த பிறகு வருடக்கணக்காகத் தேர்தலும் இல்லை.

ஆனால் என்னைப் பிடித்து வைத்தது ஜூராவின் கதை. பிரெஞ்சு பேசும் அந்தப் பகுதியை 1815 இல் வியன்னாவில் கூடிய ஐரோப்பிய வல்லரசுகள் ஜெர்மன் பேசும் பேர்ணோடு சேர்த்துவிட்டன. 1974 இல் அங்குள்ள மக்களிடமே வாக்கெடுத்தார்கள், தனிக் கன்டோன் வேண்டும் என்று வந்தது. சரி, அதோடு விடவில்லை. தெற்கில் இருந்த மூன்று மாவட்டங்களிடம் 1975 இல் திரும்பக் கேட்டார்கள். அவர்களும் பிரெஞ்சுதான், ஆனால் பெரும்பாலும் புரட்டஸ்தாந்து. பேர்ணோடேயே இருக்கிறோம் என்றார்கள், விட்டுவிட்டார்கள். பிறகு எல்லையில் இருந்த ஊர்களிடம் தனித்தனியாகக் கேட்டார்கள். 1978 இல் முழு நாடும் வாக்களித்து, 1979 இல் ஜூரா பிறந்தது.

மொழி ஒன்று என்பதற்காக யாரையும் இழுத்துக்கொண்டு போகவில்லை. வடக்கு, கிழக்கு மாகாணங்களை ஒன்றாக்கும் இணைப்பைப் பற்றி இங்கே எத்தனை வருடம் கதைத்திருக்கிறோம், அக்கரைப்பற்று, நிந்தவூர் முஸ்லிம் மக்களிடம் நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எத்தனை தரம் கேட்டிருப்போம்? தமிழ் பேசுகிறவர்கள்தானே என்று அவர்களையும் சேர்த்தே எண்ணிவிட்டோம். அது பிழை என்றுதான் நான் நினைக்கிறேன்.

அன்றிரவு அப்பாவிடம் கேட்டேன், 1961 இல் உங்களிடம் யாராவது கேட்டார்களா என்று. அவருக்கு அப்போது ஏழு வயது. அப்பப்பாவிடமும் யாரும் கேட்கவில்லையாம். மட்டக்களப்புக்கு பஸ் ஏறி அலுவல் பார்த்த மனுசன், அதன் பிறகு சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு அம்பாறைக்குப் போகப் பழகிக்கொண்டாராம்.