பட்டாணிக் குச்சியும் உல்லன் நூலும்: ஒரு குன்னூர் நாட்குறிப்பு

மார்ச் 24, 2020, செவ்வாய்

கொரோனாவால் மாலை ஆறு மணியிலிருந்து தமிழ்நாடு முழுக்க 144 தடை உத்தரவு. இரவு எட்டு மணிக்குப் பிரதமர் பேசினார். நள்ளிரவு முதல் 21 நாள் நாடே வீட்டுக்குள்.

வீட்டில் நானும் அத்தையும்தான். என் வீட்டுக்காரருக்குக் கோவையில் வேலை, சனிக்கிழமை வந்து போவார். இனி எப்போது வருவார் என்று தெரியாது. அத்தைக்கு 74 வயது, ஆஸ்துமாவும் உண்டு. அதனால் யாரும் படியேறி உள்ளே வரக்கூடாது என்று நானே முடிவு செய்துவிட்டேன். பக்கத்து வீட்டு டீச்சரிடமும் மேல்வீட்டுப் பெண்ணிடமும் சொன்னேன். இரண்டு பேரும் புரிந்துகொண்டார்கள். ஆனாலும் சொல்லும்போது தொண்டை அடைத்தது. பண்டிகை, காய்ச்சல் என்று எது வந்தாலும் மூன்று வீடும் ஒன்றாகவே இருந்து பழகியவர்கள் நாங்கள்.

மார்ச் 27, வெள்ளி

மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் நீராவி ரயிலின் கூவல் இல்லாத காலை. 1899-லிருந்து குன்னூருக்கு ஏறி வரும் ரயில் அது. மழைக்காலத்தில் பாறை உருண்டு நின்றுபோவது எங்களுக்குப் பழக்கம்தான். வெயில் நாளில் நிற்பதைத்தான் மனம் ஏற்க மறுக்கிறது.

வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த இடத்தைக் கொத்த ஆரம்பித்தேன். எங்கள் மலை மண் புளிப்பு மண். சுண்ணாம்போ டோலமைட்டோ போடாமல் காய்கறி நன்றாக வராது. கடை மூடியிருக்கிறது. டீச்சர் வெள்ளையடிக்க வாங்கி வைத்திருந்த நீற்றுச் சுண்ணாம்பில் கொஞ்சம் ஒரு வாளியில் போட்டுச் சுவர்மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். நான் போய் எடுத்துக்கொண்டேன். இதுதான் இனி எங்கள் வழக்கம்: கொடுப்பவர் வைத்துவிட்டு விலக வேண்டும், பிறகுதான் வாங்குபவர் வர வேண்டும்.

வாளிக்குள் ஒரு தீப்பெட்டியும் இருந்தது. உள்ளே பீன்ஸ் விதை.

ஏப்ரல் 3, வெள்ளி

ரேஷன் கடையில் ஆயிரம் ரூபாயும் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் தருகிறார்கள். எந்த நாள், எந்த நேரம் என்று போட்ட டோக்கன் வீட்டுக்கே வந்தது. தரையில் வட்டம் வரைந்து நிற்க வைத்தார்கள். மூன்று அட்டைக்கும் சேர்த்து நானே வாங்கி வருகிறேன் என்றால், டோக்கன் அவரவருக்கென்று சொல்லிவிட்டார்கள். மேல்வீட்டுப் பெண் வயிற்றைத் தாங்கிக்கொண்டு இரண்டு வட்டம் தள்ளி நின்றாள். ஐந்தாம் மாதம் முடியப்போகிறது. தேனிப் பக்கத்துப் பெண், கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. புருஷன் காய்கறி லாரி ஓட்டுகிறான். அது அத்தியாவசியம் என்பதால் நிற்கவில்லை. தினமும் மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய் வருகிறவன் என்று அவனே முன்னறையில் தனியாகப் படுத்துக்கொள்கிறான்.

திரும்பி வரும்போது கேட்டாள்: "அக்கா, பாட்டி எனக்கு ஸ்வெட்டர் பின்னச் சொல்லித் தருவாங்களா? ஆகஸ்ட்ல பிள்ள பொறந்தா இங்க மழையும் குளிருமா இருக்கும்ல."

அத்தையிடம் சொன்னேன். கடைகளுக்கு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்துத்தான் அவர் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தார். கண் மங்கியபின் ஊசியை எடுப்பதில்லை. நான் சொன்னதும் எழுந்து போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தார்.

ஏப்ரல் 6, திங்கள்

நேற்று இரவு ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிஷம் விளக்கேற்றச் சொன்னார்கள். எதிர்ச் சரிவு முழுக்க வெளிச்சம். டீச்சர் மெழுகுவர்த்தியோடு வாசலில் நின்று ஜெபம் செய்தார்.

இன்று உருளைக்கிழங்கு நட்டாயிற்று. கூடையில் முளைவிட்டுக் கிடந்தவைதான். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு முளையாவது இருக்கும்படி நறுக்கி, வெட்டின பக்கம் சாம்பல் தடவி, ஒரு நாள் ஆற வைத்து, முளை மேலே பார்க்க வைத்தேன். ஓரத்தில் முள்ளங்கியும், இன்னொரு வரிசையில் சமையலறைக் கொத்தமல்லியை இரண்டாக உடைத்தும் போட்டிருக்கிறேன். கோடை மழை ஒன்று இறங்கினால் போதும்.

பின்னல் பாடம் சரிவரவில்லை. அத்தை எங்கள் முற்றத்தில், அவள் மேல்வீட்டுத் திண்ணையில். அவ்வளவு தூரத்திலிருந்து ஊசி முனையில் நடப்பது தெரிவதே இல்லை. ஃபோனில் படம் பிடித்து அனுப்பினால், எதிரே உட்கார்ந்து எடுத்ததால் வலது இடதாகத் தெரிகிறது என்றாள். பின்னல் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்து, "இப்படி விடு, இப்படி இழு" என்று சொல்லித் தர வேண்டிய வேலை. எனக்கும் அத்தை அப்படித்தான் கற்றுக்கொடுத்தார்.

ஏப்ரல் 9, வியாழன்

இன்று அத்தை செய்ததை நான் என்றைக்கும் மறக்கப்போவதில்லை.

பட்டாணிக் கொடிக்கு ஊன்ற வைத்திருந்த குச்சிகளில் கட்டை விரல் பருமனில் இரண்டைத் தேர்ந்தெடுத்தார். பட்டையை உரித்து, முனையை அரிவாளால் சீவச் சொன்னார். அப்புறம் பழைய துணிக்கொடியை அவிழ்த்துக் கொண்டுவரச் சொன்னார். நைலான் வேண்டாம், வழுக்கும், பருத்திக் கயிறுதான் வேண்டும் என்றார். எங்கள் முற்றம் கீழே, மேல்வீட்டுத் திண்ணை ஓர் ஆள் உயரத்துக்கு மேலே. அந்தத் திண்ணைக்கு முதுகைக் காட்டி, தடுப்புச் சுவரிலிருந்து தள்ளி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். குச்சிகளை நெஞ்சுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"என் தோளுக்கு மேல பாரு. உன் வலது கைதான் என் வலது கை."

கயிற்றில் கண்ணி ஒவ்வொன்றும் வளையல் அகலம். எந்தக் கண்ணுக்கும் தெரியும். குச்சியை முன்பக்கமாக நுழைத்துக் கயிற்றைச் சுற்றி இழுத்தால் நிட், கயிற்றை முன்னால் கொண்டுவந்து பின்பக்கமிருந்து நுழைத்தால் பர்ல். உலகத்தில் உள்ள பின்னல் டிசைன் எல்லாம் இந்த இரண்டிலிருந்துதான் வருகிறது என்றார். மேலேயிருந்து அவள் ஒவ்வொரு கண்ணிக்கும் "ம்" கொட்டினாள். டீச்சர் தன் சுவரோரம் வந்து நின்று பார்த்தார். கணக்கு டீச்சர் அவர். பள்ளியில் 36 வருஷம் வேலை பார்த்தவர். பின்னல் வரிசையை எண்ணும் வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் அவள் உண்மையான ஊசியில் நாலு விரல் அகலத்துக்குப் பின்னியிருந்தாள். கோணலாக இருந்தது, ஆனால் அவிழவில்லை.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை ஒன்று. ஊரடங்கு மே 3 வரை நீட்டிப்பு.

வேப்பம்பூ இந்தக் குளிரில் கிடையாது, கீழேயிருந்துதான் வர வேண்டும். மேல்வீட்டுத் தம்பி மண்டிக்குப் போன இடத்தில் ஒரு கிளையையே ஒடித்து வந்திருந்தான். மூன்று வீட்டிலும் பச்சடி. ஈஸ்டர் அன்று டீச்சர் செய்த கேக் எங்களுக்கு இன்னும் இரண்டு துண்டு இருக்கிறது. அதையும் தொட்டுக்கொண்டோம்.

ஏப்ரல் 21, செவ்வாய்

நூல் தீர்ந்துவிட்டது. முதுகுப் பகுதி பாதியில் நிற்கிறது. உல்லன் கடை எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது.

அத்தை மாமாவுடைய பழைய ஸ்வெட்டரை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். வெண்மையும் இல்லாத சாம்பலும் இல்லாத ஒரு நிறம். அவரே பின்னியது; மாமா போய்ப் பதினோரு வருஷமாகிறது. "வேண்டாம் அத்தை" என்றேன். "பெட்டிக்குள்ள பூச்சிக்குத்தான் ஆகும் அம்மிணி, பிரி" என்றார்.

பிரிப்பதற்கும் முறை உண்டு. முதலில் தோளிலும் பக்கவாட்டிலும் உள்ள தையலை வெட்டிப் பிரிக்க வேண்டும். பின்னி முடித்த இடத்திலிருந்துதான் நூலை இழுக்க வேண்டும், ஆரம்பித்த பக்கத்திலிருந்து இழுத்தால் சிக்கும். வருகிற நூலை நாற்காலி முதுகில் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் ஊற வைத்து, கீழே ஒரு கனத்தைத் தொங்கவிட்டு நிழலில் காயப்போட வேண்டும். சுருள் போய் நூல் நேராகிவிடும். நான் இழுக்க, அத்தை சுற்றினார். இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை. காய்ந்த நூல் சிட்டத்தை முகர்ந்து பார்த்தேன், நாஃப்தலின் வாசனை போயிருந்தது.

ஏப்ரல் 30, வியாழன்

விடிகாலையில் காட்டெருமை. டீச்சர் வீட்டுக் கொல்லையில் பெரியதாக ஒன்று, பின்னால் கன்று. சாலையில் வண்டி இல்லாததால் பகலிலேயே நடமாடுகின்றன. பீன்ஸ் கொடியில் பாதியைத் தின்றுவிட்டு நிதானமாக இறங்கிப் போயின. டீச்சர் கொஞ்சமும் கோபப்படவில்லை. "எனக்கு முன்னாலேயே இந்த மலையில இருந்ததுங்க" என்றார். எங்கள் கிழங்குச் செடி தப்பியது. ஒரு சாண் உயரம் வளர்ந்துவிட்டதால் இன்று மண் அணைத்தேன்.

மே 8, வெள்ளி

முள்ளங்கி பிடுங்கினேன். மூன்று பங்கு.

கோயம்பேடு மூடிவிட்டார்கள். கேரட் லோடு எடுக்க ஆள் குறைவு, ஹோட்டலும் கல்யாண மண்டபமும் இல்லாமல் காய் எங்கே போகும் என்று மேல்வீட்டுத் தம்பி கவலைப்படுகிறான். ஊட்டி மலர்க்காட்சி இந்த வருஷம் இல்லை. இங்கே சிம்ஸ் பூங்கா பழக்காட்சியும் இல்லை. சீசன் வருமானத்தை நம்பி வருஷம் ஓட்டுகிற வண்டிக்காரர்களும் கம்பளிக் கடைக்காரர்களும் என்ன செய்வார்கள்? எங்கள் பள்ளி ஆயாவுக்கு இந்த மாதம் பாதிச் சம்பளம்தான் என்று கேள்விப்பட்டேன். அரிசியும் கொஞ்சம் பணமும் அனுப்பிவைத்தோம். இரவு நெடுநேரம் தூக்கமில்லை.

மே 28, வியாழன்

வளைகாப்பு.

அவள் அம்மா தேனியிலிருந்து வர முடியவில்லை. தலைப்பிரசவம், தாய்வீட்டுக்குப் போக வேண்டியவள். இந்த உடம்போடு அவ்வளவு தூரப் பயணம் வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அம்மா வளையலையும் புடவையையும் வாழைத்தார் ஏற்றிய லாரியில் மேட்டுப்பாளையத்துக்குக் கொடுத்துவிட்டார். அங்கிருந்து மருமகன் கொண்டுவந்தான். ஒரு வளையல்கூட உடையவில்லை, அவ்வளவு வைக்கோல் சுற்றியிருந்தது.

சாதம் பிரித்துச் செய்தோம். எங்கள் வீட்டில் புளிசாதம், எலுமிச்சை. டீச்சர் தேங்காய்ச் சாதமும் தயிர்ச்சாதமும். அவன் சர்க்கரைப் பொங்கல் வைத்தான், முதல் தடவை, நன்றாகவே இருந்தது. எல்லாம் சுவர்மேல் வரிசையாக.

வளையல் போட்டுவிட யாரும் கையைத் தொட முடியாது. டீச்சர்தான் வழி சொன்னார். ஒவ்வொருவரும் வளையலைத் தங்கள் சுவர்மேல் மஞ்சள் தடவிய தட்டில் வைத்து, யார் கொடுப்பது என்று சொல்லி வாழ்த்துவது. அவன் எடுத்துப்போய் மனைவி கையில் போடுவது. அம்மாவுடையது ஃபோனில். தேனியில் அந்த அம்மா அழுதுகொண்டே "இது நான் போடுறது தாயி" என்றதும் யாருக்கும் பேச்சு வரவில்லை. அத்தை கீழேயிருந்து, கேட்டு வெகுநாளான ஒரு நலுங்குப் பாட்டைக் குரலெடுத்துப் பாடினார். மூச்சு வாங்கியது. நிறுத்தச் சொன்னேன், கேட்கவில்லை.

ஜூன் 9, செவ்வாய்

தென்மேற்குக் காற்று தொடங்கிவிட்டது. எட்டு மண்டலமாகப் பிரித்து ஜூன் 1 முதல் பஸ் விடுகிறார்கள். நாங்கள் கோவையோடு ஒரு மண்டலம், தேனி வேறு மண்டலம். என் வீட்டுக்காரர் சனிக்கிழமை வந்து சேர்ந்தார். வாசலில் நின்று "குளிச்சிட்டுத்தான் உள்ள வருவேன்" என்றார். மேலும் இளைத்திருக்கிறார்.

ஈரத்துக்கு ஓடில்லா நத்தை வந்து கொத்தமல்லியைத் தின்கிறது. இரவில் டார்ச்சோடு போய்ப் பொறுக்குகிறேன்.

ஸ்வெட்டரின் முதுகும் இரண்டு முன்பக்கமும் முடிந்தன. கை மட்டும் பாக்கி. பார்டருக்குப் பத்தாம் நம்பர் ஊசி, உடம்புக்கு எட்டு. நடுவில் ஒரு கண்ணி நழுவி ஐந்தாறு வரிசை கீழே ஓடிவிட்டது. பயந்துபோய்க் கூப்பிட்டாள். குரோஷா ஊசியால் ஏணிப்படி ஏறுவதுபோல ஒவ்வொன்றாக எடுத்து மேலே கொண்டுவர அத்தை சொல்லிக்கொடுத்தார், அதுவும் கயிற்றிலும் குச்சியிலும் செய்து காட்டித்தான்.

ஜூலை 12, ஞாயிறு

இந்த மாதம் ஞாயிறெல்லாம் முழு ஊரடங்கு. கிழங்கு தோண்ட நல்ல நாள். செடியை அறுத்துவிட்டுப் பத்து நாள் மண்ணுக்குள்ளேயே விட்டிருந்தேன், தோல் கெட்டிப்பட. அவர் கொத்த, நான் பொறுக்கினேன். கோணிப் பை முக்கால் நிறைந்தது. கரு மண்ணிலிருந்து ஒவ்வொன்றாகக் கையில் வரும்போது ஏற்படும் சந்தோஷத்தை எப்படி எழுதுவது? பெரியவற்றை மூன்று பங்கு வைத்தேன். பள்ளி ஆயாவுக்கு ஒரு பங்கு. பொடிக் கிழங்கு விதைக்கு.

அவள் அம்மாவுக்கு இ-பாஸ் கிடைத்துப் புதன்கிழமை வந்துவிட்டார். 14 நாள் தனிமை. டீச்சர் தன் வீட்டு வெளியறையை ஒழித்துக் கொடுத்திருக்கிறார். மகளைச் சன்னல் வழியாகப் பார்க்கிறார், சாப்பாடு சன்னல் திட்டில் போகிறது. பொழுது போகவில்லை என்று அவரும் பின்னல் கேட்டார். உல்லன் கடை திறந்தாயிற்று, மஞ்சள் நூல் வாங்கி வந்தோம். இன்று காலை மகள் திண்ணை ஓரத்தில் சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பட்டாணிக் குச்சியைத் தூக்கிப் பிடித்து, "என் தோளுக்கு மேல பாரும்மா" என்று அம்மாவுக்குப் பாடம் நடத்துகிறாள். நிறைமாத வயிற்றோடு அரை மணிக்கு மேல் உட்காரக் கூடாது என்று டீச்சர் கடிகாரம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அத்தை கிழங்கைத் துடைத்தபடி மேலே பார்த்துக் குரல் கொடுத்தார்: "பர்லுக்குக் கயிறு முன்னால வரணும் கண்ணு, உங்கம்மா பின்னாலயே வச்சிருக்காங்க. அந்த வரிசையப் பிரிக்கச் சொல்லு."

"பிரிச்சிட்டேன் பாட்டி!"

நாளைக்குக் கிழங்கு எடுத்த பாத்தியில் சுண்ணாம்பு தூவிக் கேரட் விதைக்க வேண்டும். விதை டீச்சரிடம் இருக்கிறது.