பேனலில் 18 வோல்ட், பேட்டரியில் 12.8: அறுபது மீட்டர் கேபிள் சொல்லிக்கொடுத்தது

மின்கம்பி வராத இடத்தில் இருக்கிறது எங்கள் வீடு. கூரைமேல் நாள் முழுக்க மர நிழல். மரங்களை வெட்ட மனமில்லை. அதனால் வெயில் நன்றாக விழும் வெட்டவெளியில், வீட்டிலிருந்து 60 மீட்டர் தள்ளி, நான்கு சோலார் பேனல்களை நட்டேன். ஒவ்வொன்றும் 100 வாட். நான்கையும் பேரலலாக இணைத்து, 6 ஸ்கொயர் எம்எம் செம்புக் கேபிளில் வீட்டுக்குக் கொண்டுவந்து, பேட்டரிக்குள் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் சாதாரண பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் வழியாக 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரியில் கொடுத்தேன். கேபிள் தடிமனாகத்தான் தெரிந்தது, போதும் என்று நினைத்தேன்.

இரண்டு வருடத்துக்குள் பேட்டரி பாதிகூடத் தாங்காமல் போய்விட்டது. மேகமூட்டத்தின் மேல் பழி போட்டேன், பேட்டரியின் மேல் பழி போட்டேன். புதிய பேட்டரி வைத்த பிறகும் அதே கதை. முழுச் சார்ஜ் ஏற பேட்டரி 14.4 வோல்ட்டைத் தொட வேண்டும். எவ்வளவு நல்ல வெயிலானாலும் அதைத் தொடவே இல்லை. லெட் ஆசிட் பேட்டரி முழுச் சார்ஜ் ஏறாமலே நாட்களைக் கழித்தால் தகடுகளில் சல்பேட் இறுகிப்போகும். முதல் பேட்டரி அப்படித்தான் போயிருக்க வேண்டும்.

கேபிளை முதலிலேயே சோதித்தேன், ஆனால் தப்பாகச் சோதித்தேன். கன்ட்ரோலரிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டு மீட்டர் வைத்தால் பேனல் முனையிலும் 21 வோல்ட், வீட்டு முனையிலும் 21 வோல்ட். கேபிளில் குறையில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். கரண்ட் ஓடாதபோது கேபிளில் வோல்டேஜ் இறங்கவே இறங்காது என்பது அப்போது உறைக்கவில்லை. தண்ணீர் ஓடாத குழாயில் அழுத்தம் எல்லா இடத்திலும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

சரியாக அளந்தது ஒரு நண்பகலில். எல்லாம் இணைந்து சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் பேனல் பக்கம், நான் வீட்டுப் பக்கம், இருவரும் ஒரே நேரத்தில் மீட்டரைப் பார்த்தோம். அங்கே 18.2 வோல்ட். இங்கே 12.8. கிளாம்ப் மீட்டரில் 14 ஆம்பியர். (பல கிளாம்ப் மீட்டர்கள் ஏசி கரண்டை மட்டும்தான் அளக்கும். வாங்கும்போது டிசி ஆம்பியர் அளக்குமா என்று பாருங்கள்.) வித்தியாசம் 5.4 வோல்ட். அதை 14 ஆல் பெருக்கினால் சுமார் 75 வாட். பேனல்கள் கொடுத்தது 255 வாட், பேட்டரிப் பக்கம் வந்தது 180 கூட இல்லை. பத்தில் மூன்று பங்கு வழியிலேயே சூடாகப் போயிருக்கிறது. 1891இல் ஜெர்மனியில் லாஃபென் ஊரிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு 175 கிலோமீட்டர் தூரம் மின்சாரம் அனுப்பியபோது சுமார் 75 சதவீதம் போய்ச் சேர்ந்தது. அவர்கள் வைத்த வோல்டேஜ் 15,000. என் 60 மீட்டர் அதைவிட மோசமாக இருந்ததற்கான காரணமும் அந்த எண்ணிலேயே இருக்கிறது.

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு மீட்டர் நீளம், ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டு கொண்ட செம்புக்கு 20 டிகிரியில் சுமார் 0.0172 ஓம் தடை. கரண்ட் போகவும் வேண்டும், திரும்பவும் வேண்டும் என்பதால் 60 மீட்டர் தூரத்துக்கு 120 மீட்டர் ஒயர். இதை மறந்துவிட்டால் கணக்கு பாதியாகிவிடும். 120ஐ 0.0172 ஆல் பெருக்கி 6 ஆல் வகுத்தால் 0.344 ஓம். நான் அளந்ததிலிருந்து வரும் தடையோ 5.4 வகுத்தல் 14, அதாவது 0.386. மிச்சம் 0.04 எங்கிருந்து வந்தது?

கொஞ்சம் வெயில். செம்பு ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் தடை கூடும். கேபிள் வெயிலில் கிடந்தது. மற்றது ஒரு ஜாயின்ட். கரண்ட் ஓடும்போதே மல்ட்டிமீட்டரின் இரு முனைகளையும் ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கமும் வைத்துப் பார்த்துக்கொண்டே போனேன். நல்ல இணைப்புகளில் சில மில்லிவோல்ட்தான் காட்டியது. ஒன்றில் மட்டும் 0.3 வோல்ட். பிரித்துப் பார்த்தால் ஒயர் முனையில் மாட்டும் உலோக லக்கைச் சாதாரணக் கட்டிங் பிளேயரால் நசுக்கியிருக்கிறேன், உள்ளே பச்சை பூத்திருக்கிறது. 0.3 வோல்ட்டும் 14 ஆம்பியரும் சேர்ந்தால் நான்கு வாட்டுக்கு மேல், நகக்கண் அளவு இடத்தில். தீப்பிடிப்பது இப்படிப்பட்ட இடத்தில்தான். சரியான கிரிம்பிங் கருவியை இரவல் வாங்கி எல்லா லக்குகளையும் மாற்றினேன். அப்படியே ஒயரின் இழைகளையும் சுரண்டிப் பார்த்தேன். செம்புப் பூச்சுக்குள் அலுமினியம் இருந்தால் சுரண்டிய இடம் வெள்ளையாகத் தெரியும், தடையும் செம்பைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் இருக்கும். நல்லவேளை, உள்ளேயும் செம்புதான்.

அடுத்த கேள்வி, கேபிளைத் தடிமனாக்குவதா? நான்கு பேனலும் முழுதாக 22 ஆம்பியர் தரும்போது இழப்பு 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்றால் கணக்கு 84 ஸ்கொயர் எம்எம் கேட்டது. கிடைக்கும் அளவு 95. அத்தனை நீளத்துக்கு அதில் செம்பு மட்டும் 100 கிலோவுக்கு மேல் வரும். என் பழைய கேபிளில் இருப்பது ஆறரை கிலோ. அந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்ததும் அந்த யோசனையைக் கைவிட்டேன்.

கன்ட்ரோலரைப் பேனல் பக்கம் கொண்டுபோய் வை என்று நண்பர் ஒருவர் சொன்னார். அதில் வேறொரு சிக்கல் இருக்கிறது. கன்ட்ரோலர் தன் முனையில் தெரியும் வோல்டேஜைத்தான் பேட்டரியின் வோல்டேஜ் என்று எடுத்துக்கொள்ளும். 60 மீட்டருக்கு அப்பால் அது 14.4 பார்க்கும்போது பேட்டரியில் அவ்வளவு இருக்காது. பேட்டரி நிரம்புவதற்கு முன்பே கரண்டைக் குறைத்துவிடும். கன்ட்ரோலரின் இடம் பேட்டரிக்குப் பக்கம்தான்.

வழி வோல்டேஜை ஏற்றுவதில் இருந்தது. கேபிளில் வீணாவது கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. நான்கு பேனலையும் பேரலலிலிருந்து சீரிஸாக மாற்றினால் 18 வோல்ட் 72 ஆகும், 22 ஆம்பியர் ஐந்தரை ஆகும். கரண்ட் நாலில் ஒன்று, இழப்பு பதினாறில் ஒன்று. அதே கேபிளில் 166 வாட் வீணாகும் இடத்தில் 10 வாட்தான் வீணாகும். ஆனால் பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் 72 வோல்ட்டைப் பயன்படுத்தாது. உள்ளே வரும் அதிக வோல்டேஜைக் குறைத்து, அதற்கேற்ப அதிக ஆம்பியராக மாற்றித் தரும் எம்பிபிடி கன்ட்ரோலர் வேண்டும். கேபிளுக்குக் கொடுத்திருக்க வேண்டிய காசு இதற்குப் போனது, மனதாரக் கொடுத்தேன்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது அது தாங்கும் உச்ச வோல்டேஜ். என் பேனல் ஒவ்வொன்றும் கரண்ட் ஓடாதபோது 22 வோல்ட், நான்கு சேர்ந்தால் 88. 100 வோல்ட் கன்ட்ரோலர் போதும்போலத் தோன்றும். ஆனால் குளிரில் பேனல் வோல்டேஜ் ஏறும், ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.3 சதவீதம். குளிர்ந்த காலையில், சூரியன் முதலில் விழும் அந்த நிமிடத்தில்தான் வோல்டேஜ் உச்சத்துக்குப் போகும். ஒரே ஒரு தடவை தாண்டினாலும் கன்ட்ரோலர் போய்விடலாம். 150 வோல்ட் எடுத்தேன்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். 18 வோல்ட்டைத் தொட்டுப் பழகிய கை 88 வோல்ட் டிசியை அப்படித் தொடக் கூடாது. ஏசியில் கரண்ட் ஒவ்வொரு சுற்றிலும் பூஜ்யத்தைத் தொடுவதால் தீப்பொறி அணைய வாய்ப்பு உண்டு. டிசியில் அது இல்லை, பிரித்த இடைவெளியிலும் எரிந்துகொண்டே இருக்கும். அதனால் டிசிக்கென்றே உள்ள பிரேக்கரை இரண்டு பக்கமும் வைத்தேன். பேனல்களைப் போர்த்தி மூடிவிட்டுத்தான் வேலை செய்தேன். கரண்ட் ஓடும்போது பேனல் ஒயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டரைப் பிடுங்கவே கூடாது. சீரிஸில் ஒரு பேனல்மேல் நிழல் விழுந்தாலும் வரிசை முழுக்கப் பாதிக்கப்படலாம். என் இடத்தில் நிழல் இல்லாததால் துணிந்தேன். இல்லாவிட்டால் இரண்டிரண்டாகச் சேர்த்து 36 வோல்ட் வைத்திருப்பேன், அதிலேயே இழப்பு கால்வாசியாகிவிடும்.

மாற்றிய மறுநாள் நண்பகலில் மறுபடியும் இரு முனையிலும் அளந்தோம். பேனல் சூட்டில் 64 வோல்ட், 5.2 ஆம்பியர். கேபிளில் இறங்கியது 1.9 வோல்ட். பேட்டரிக்குள் 23 ஆம்பியர் போய்க்கொண்டிருந்தது. முந்தைய 14ஐ நினைத்துக்கொண்டு அந்த எண்ணை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கூடுதல் முழுக்கக் கேபிள் கொடுத்ததில்லை, பேனலை அதன் உச்சத் திறனில் ஓட்டும் எம்பிபிடிக்கும் பங்கு உண்டு. மூன்றாம் நாள் மாலை பேட்டரி முதல்முறையாக 14.4ஐத் தொட்டது.

அப்புறம் கிணற்றுப் பம்ப். பேட்டரியிலிருந்து 45 மீட்டர், 4 ஸ்கொயர் ஒயர், 12 வோல்ட் டிசி பம்ப். முனகிக்கொண்டுதான் ஓடும், மோட்டார் தொட முடியாத அளவு சுடும். அளந்தால் பேட்டரியில் 12.6, பம்பில் 9.1. பார்த்ததும் காரணம் புரிந்தது. ஆனால் என்னைப் பயமுறுத்தியது ஃப்யூஸ். அந்த ஒயரின் தடை 0.39 ஓம். பம்ப் முனையில் ஷார்ட் ஆனால்கூட 32 ஆம்பியருக்கு மேல் ஓடாது. நான் போட்டிருந்த ஃப்யூஸ் 40. அது எந்தக் காலத்திலும் போயிருக்காது, ஒயர்தான் சூடேறிக்கொண்டே இருந்திருக்கும். அன்றே 15 ஆம்பியராக மாற்றினேன். நீள ஒயர் வைத்திருக்கும் எல்லோரும் கடைக்கோடியில் ஷார்ட் ஆனால் எவ்வளவு ஓடும் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பம்பையே 230 வோல்ட் ஏசிக்கு மாற்றிவிட்டேன். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஒட்டினாற்போல, தடித்த குட்டை ஒயரில். 1000 வாட் இழுத்தால் 12 வோல்ட் பக்கம் 90 ஆம்பியருக்கு மேல் போகும், அங்கே ஒரு மீட்டர்கூடப் பெரிய விஷயம். கிணற்றுக்கு எர்த் கம்பியோடு 1.5 ஸ்கொயர் கேபிள், பழையதைவிட மெலிது. இழப்பு ஒரு வோல்ட்டுக்குள். தண்ணீர்ப் பக்கத்தில் 230 வோல்ட் என்பதால் மின்கசிவு பிரேக்கரும் உண்டு. அது சரியாக வேலை செய்ய இன்வெர்ட்டரின் நியூட்ரலும் எர்த்தும் முறையாக இணைந்திருக்க வேண்டும், அந்த வேலையை மட்டும் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் விட்டேன்.

இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதே 0.9 ஆம்பியர் இழுக்கிறது, சுமார் 11 வாட். ஒரு நாளைக்கு 260 வாட்மணிக்கு மேல். பழைய பம்ப் ஒயரில் ஒரு நாளின் முக்கால் மணி நேர ஓட்டத்தில் வீணானது 24 வாட்மணிதான். இன்வெர்ட்டரை நாள் முழுக்கப் போட்டு வைத்தால் மிச்சப்படுத்தியதைப்போலப் பத்து மடங்கு தொலையும். அதனால் கிணற்றடியிலேயே அதற்கு ரிமோட் ஸ்விட்ச் வைத்திருக்கிறேன். தொட்டி நிரம்பியதும் அணைத்துவிடுகிறோம்.