ஸ்விஃப்ட் லோயர் ஆர்ம் மாற்றம்: கடைசி இறுக்கு சக்கரம் ஊன்றிய பிறகுதான்

ஸ்விஃப்ட் காரின் முன்பக்க லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கை) இரண்டையும் வீட்டு வாசலிலேயே மாற்றி முடித்தாயிற்று. ஆர்மை அடிச்சட்டத்தோடு பிடிக்கும் புஷ்ஷின் ரப்பர் வெடித்துப்போய், பிரேக் பிடிக்கும்போதெல்லாம் 'டொக்' என்று சத்தம். கழற்றியது, மாட்டியது எல்லாம் வழக்கமான வேலைதான். போல்ட்டை வண்டி எந்த நிலையில் இருக்கும்போது இறுக்கினேன் என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இந்த புஷ் பேரிங் மாதிரி சுற்றாது. நடுவில் இரும்புக் குழாய், வெளியே ஒரு கூடு, இடையில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். போல்ட் இறுகியதும் குழாய் அசையாமல் பிடித்துக்கொள்ளும். அதன்பின் ஆர்ம் ஏறி இறங்குவது முழுக்க ரப்பர் முறுகுவதால்தான். சக்கரம் தொங்கும்போதே முழுசாக இறுக்கிவிட்டால், வண்டியைக் கீழே இறக்கியதும் சும்மா நிற்கும்போதுகூட ரப்பர் முறுகியே கிடக்கும். ஸ்பீடு பிரேக்கரில் இன்னும் முறுகும். புது புஷ் சீக்கிரம் கிழிய வேறென்ன வேண்டும்?

அதனால் ஜாக்கி போடும் முன்பே வீல் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை டேப்பில் அளந்து, இரண்டு பக்கமும் குறித்துக்கொண்டேன். மாட்டும்போது புஷ் போல்ட்டுகளை ரிங் ஸ்பேனரில் ஆட்டம் இல்லாத அளவுக்கு மட்டும் பிடித்துவைத்தேன். ஆர்மின் சக்கரப் பக்க முனையில் இருக்கும் பால் ஜாயின்ட்டின் (குண்டு மூட்டு) போல்ட்டுக்கு இந்தக் கவலை இல்லை, அங்கே முறுக ரப்பர் கிடையாது. அதைத் தொங்கும் நிலையிலேயே முழுசாக இறுக்கினேன்.

ஆர்முக்கு அடியில் இன்னொரு ஜாக்கி கொடுத்து, குறித்த அளவு வரும்வரை தூக்கி இறுக்குவதும் பலர் செய்வதுதான். எனக்கு அது பிடிக்கவில்லை. அந்த அளவை நெருங்க நெருங்க, அந்த மூலையின் எடை முழுக்க ஸ்பிரிங் வழியாக ஜாக்கிக்கு வந்துவிடும், வண்டியைத் தாங்க வைத்த ஸ்டாண்டில் எடையே இருக்காது. அந்த நேரத்தில் வண்டிக்கடியில் படுக்க நான் தயாரில்லை.

சக்கரங்களை மாட்டி, தரையில் இறக்கி, வண்டியை முன்னும் பின்னும் தள்ளினேன். இறக்கியவுடன் டயர் தரையைப் பிடித்துக்கொண்டு வண்டி கொஞ்சம் உயரமாகவே நிற்கும், உருட்டினால்தான் படியும். அளவு பழையபடி வந்ததும், அகலமான பலகைகள் மேல் முதல் கியரில் மெதுவாக ஏற்றி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பாதுகாப்புக்கு ஸ்டாண்டையும் அடியில் வைத்துவிட்டுத்தான் புஷ் போல்ட்டுகளை முழுசாக இறுக்க வண்டிக்கடியில் போனேன்.

டார்க் ரென்ச்சில் (வைத்த முறுக்கு அளவு வந்ததும் 'கிளிக்' என்று காட்டும் ஸ்பேனர்) வைத்தது அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவு. அது கிலோகிராம்-மீட்டரில் (kgf·m) இருந்தால் 9.8 ஆல் பெருக்கினால் நியூட்டன் மீட்டர். மரையில் எண்ணெய் தடவவில்லை. நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய 90 சதவீதம் உராய்வுக்கே போய்விடும், மீதிதான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கிறது. எண்ணெய் பட்டால் உராய்வு குறைந்து, அதே அளவில் போல்ட் அதிகமாக இழுபடும். ஒரே சீராக இழுத்து, முதல் 'கிளிக்'கோடு நிறுத்தினேன். உறுதிக்காக இன்னொரு 'கிளிக்' என்பது கூடுதல் இறுக்குதான். முடிந்த ஒவ்வொரு போல்ட்டிலும் வெள்ளை பெயின்ட்டால் ஒரு கோடு.

சத்தம் போய்விட்டது. வீல் அலைன்மென்ட் பார்க்கக் கொடுத்திருக்கிறேன். கொஞ்ச நாள் ஓட்டியபின் அந்தக் கோடுகள் நகர்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அடுத்தது பின்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் பீமின் புஷ். அதற்கும் இதே முறைதான்.