இரண்டு தாளிலும் இல்லாத படம்

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செய்ய ஒன்றும் இல்லாமல், ஏ4 தாளைக் கிடையாகப் போட்டு மேலிருந்து கீழாகக் கோடு போட ஆரம்பித்தேன். 2 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு. 28 சென்டிமீட்டர் அகலத்துக்கு 140 கோடு. எதற்கு என்று கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்க மாட்டேன், கை ஓடிக்கொண்டிருந்தால் மனசு கொஞ்சம் சும்மா இருக்கும், அவ்வளவுதான். முடித்த பிறகு பார்க்கப் பிடித்திருந்ததால் மறுநாள் ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துக்கொண்டு போய் ஓஎச்பி ஷீட்டில், அதாவது கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில், ஒரு காப்பி கேட்டேன். முதல் காப்பியில் ஓரத்துக் கோடுகள் வெட்டுப்பட்டன. கடைப் பையன் "இருங்கண்ணா" என்று மிஷினில் எதையோ தட்டி இன்னொன்று போட்டுக் கொடுத்தான். இரண்டுக்கும் காசு வாங்கிக்கொண்டான். அந்தக் கடுப்பிலேயே இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துச் சுருட்டப் போனேன்.

சுருட்டவில்லை. ஒன்றின் மேல் ஒன்று விழுந்ததும் கறுப்பும் வெளுப்புமாக அகலமான பட்டைகள் தெரிந்தன. விரலால் லேசாகத் தள்ளினால் பட்டைகள் தண்ணீர் போல ஓடின. நான் போட்டவை மெல்லிய கோடுகள் மட்டும்தான், பட்டை எதையும் நான் போடவில்லை. தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் இரண்டு ஷீட்டிலும் அது இல்லை.

வீட்டில் அம்மாவிடம் காட்டினேன். "கொசுவலையை ரெண்டா மடிச்சாலே இது தெரியுமே, இதுக்கா இவ்வளவு நேரம்?" என்றார். உண்மைதான், சின்ன வயசில் வலைக்குள் படுத்துக்கொண்டு அந்த அலையைப் பார்த்தபடியே தூங்கியிருக்கிறேன். இதற்கு மொய்ரே என்று பெயர். அலையலையாகப் பளபளக்கும் ஒரு பட்டுத் துணிக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் அது.

கணக்கு எளிது. இரண்டு ஷீட்டின் கோடுகளும் சரியாக ஒன்றன் மேல் ஒன்று விழும் இடத்தில் நடுவே வெள்ளை நிறையத் தெரியும். ஒன்றின் கோடு மற்றதன் இடைவெளிக்குள் விழும் இடத்தில் வெள்ளை அடைபட்டுக் கறுப்பாகத் தெரியும். கடைப் பையன் போட்ட இரண்டாவது காப்பி பக்கத்துக்குள் அடங்குவதற்காகச் சுருங்கியிருந்தது, அதனால் கோடுகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்திப் பிந்தி, ஒரு முழுக் கோடு பிந்தியதும் மறுபடி ஒன்று சேர்ந்திருக்கின்றன. எத்தனை முறை சேர்கிறதோ அத்தனை பட்டை. நான் பட்டைகளுக்கு நடுவே ஸ்கேலை வைத்து அளந்தேன், ஏறக்குறைய ஆறரை சென்டிமீட்டர் வந்தது. இரண்டு இடைவெளியையும் பெருக்கி அவற்றின் வித்தியாசத்தால் வகுத்தால் பட்டையின் அகலம் வந்துவிடும், எனவே தலைகீழாகப் போட்டுப் பார்த்தேன்: 1.94 மில்லிமீட்டர். அதாவது 97 சதவீதம். மறுநாள் கடையில் போய்க் கேட்டால் பையன் மிஷினைப் பார்த்துவிட்டு "ஆமாண்ணா, தொண்ணூத்தி ஏழுல இருக்கு" என்றான். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடமும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

அப்புறம் பித்துப் பிடித்துவிட்டது. சரித்து வைத்தால் என்ன ஆகும்? ஒரே அளவுள்ள இரண்டு ஷீட்டை எடுத்து ஒன்றை ஒரு டிகிரி திருப்பினால் பதினோரு சென்டிமீட்டருக்கு மேல் அகலமான பட்டைகள், அதுவும் கோடுகளுக்குக் கிட்டத்தட்டக் குறுக்காக. ஐந்து டிகிரி திருப்பினால் இரண்டேகால் சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். திருப்பத் திருப்ப நெருங்கும், நேராக்கினால் விரிந்து விரிந்து ஒரு நொடியில் காணாமல் போகும்.

அச்சுத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதே சங்கதி ஜென்ம விரோதி. நாலு கலர் ஆஃப்செட்டில் ஒவ்வொரு கலரின் புள்ளிகளையும் வேறு வேறு கோணத்தில் சாய்த்து வைப்பது இதற்காகத்தான், கறுப்புக்கு 45 டிகிரி, நீலத்துக்கும் சிவப்புக்கும் 15, 75 என்று. கோணம் பிசகினால் நடிகையின் கன்னத்தில் கட்டம் கட்டமாக வலை விழும். பழைய வாரப் பத்திரிகை அட்டையை ஸ்கேன் செய்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது தெரியும்.

வட்டங்களுக்கு வந்தபோது ஒரு ஏமாற்றமும் ஒரு அதிர்ச்சியும். 2 மில்லிமீட்டர் இடைவெளியில் ஒரே மையத்தைச் சுற்றி வட்டங்கள் போட்டு, அப்படி இரண்டு ஷீட்டை மையம் விலக்கி வைத்தால் அதிபரவளையங்கள் வரும். பிளஸ் டூவில் என்னைப் படுத்தி எடுத்த அதே அதிபரவளையம். இரண்டு மையங்களும் குவியங்களாக, விசிறி போல விரியும். அழகுதான், ஆனால் எல்லாரும் போடுகிற படம், இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது, எனக்குப் பெரிதாக ஒட்டவில்லை. அதிர்ச்சி அடுத்தது. வட்டங்களைச் சம இடைவெளியில் போடாமல், ஆரம் வர்க்கமூலத்தில் வளரும்படி போட்டேன்: 10 மில்லிமீட்டர், 14.1, 17.3, 20, 22.4 என்று. அப்படிப் போட்டால் ஒவ்வொரு வளையத்தின் பரப்பும் சமமாக இருக்கும், வெளியே போகப் போகக் கோடுகள் நெருங்கும். இதைக் காம்பஸில் போட முயன்று மானம் போனது. ஐம்பதாவது வட்டத்துக்கு மேல் இடைவெளி முக்கால் மில்லிமீட்டருக்கும் கீழே இறங்கிவிடுகிறது, பேனாவின் மைக்கே அது பத்தாது. கம்ப்யூட்டரில் பத்துப் பதினைந்து வரியில் பைத்தான் புரோகிராம் எழுதி அச்செடுத்தேன். இரண்டு ஷீட்டையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்து மேலே உள்ளதை அரை சென்டிமீட்டர் நகர்த்தினால், நடுவில் அச்சடித்தது போல நேர்கோட்டுப் பட்டைகள். ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்று. வட்டத்தின் மேல் வட்டம் வைத்தால் நேர்கோடு! எழுதிப் பார்த்தால் மூன்று வரியில் நிரூபிக்கலாம், வர்க்கங்களைக் கழித்தால் எக்ஸ் மட்டும் மிஞ்சும். நிரூபித்த பிறகும் ஷீட்டைத் தள்ளும்போது நம்ப முடியவில்லை.

கம்ப்யூட்டர் இவ்வளவு சுத்தமாகச் செய்யும்போது கையால் எதற்குப் போட வேண்டும் என்று நண்பன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. பதில் எனக்கு ஒரு அசிங்கத்தில் இருந்து கிடைத்தது.

என் கையால் போட்ட 140 கோட்டின் மேல், கம்ப்யூட்டர் அச்சடித்த 2.1 மில்லிமீட்டர் ஷீட்டை வைத்துப் பார்த்தேன். 42 மில்லிமீட்டருக்கு ஒன்றாக நேர்ப் பட்டைகள் வந்திருக்க வேண்டும். வந்தவை நெளிந்தன. ஒரு இடத்தில் பட்டை திடீரென ஒதுங்கி, அதற்கப்புறம் ஒதுங்கியபடியே போனது. உட்கார்ந்து எண்ணினேன், எண்பத்தேழாவது கோடு. டீ குடிக்க எழுந்து போய் வந்து போட்ட கோடு அது. தாளை மட்டும் பார்த்தால் தவறே தெரியாது, லென்ஸ் வைத்தால்தான் 0.2 மில்லிமீட்டர் பிசகு தெரிகிறது. ஆனால் இந்த ஜோடியில் பிசகு இருபத்தொரு மடங்காகப் பெருகும், அதனால் பட்டை 4 மில்லிமீட்டருக்கு மேல் விலகி, வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் பார்க்கும்படி நிற்கிறது. முந்தைய கோட்டில் இருந்து அடுத்த கோட்டை அளந்தது என் முட்டாள்தனம், ஒரு கோடு தப்பினால் பின்னால் வரும் அத்தனையும் அந்தத் தப்பைச் சுமக்கும். இப்போதெல்லாம் ஸ்கேலை ஓரத்தில் ஒட்டிவைத்து, எல்லாப் புள்ளிகளையும் முதலிலேயே குறித்துக்கொண்டுதான் கோடு போடுகிறேன். 1874-லேயே இங்கிலாந்து இயற்பியலாளர் ரேலீ பிரபு இந்தப் பெருக்கலைத்தான் கீற்றணிகள் (ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்க மிக நெருக்கமாகக் கோடு கீறிய தகடுகள்) ஒழுங்காக இருக்கின்றனவா என்று சோதிக்கப் பயன்படுத்தலாம் என்று எழுதியிருக்கிறார். அவர் தப்பைக் கண்டுபிடிக்கச் சொன்னார், எனக்கோ தப்புதான் படத்திலேயே நல்ல இடமாகப் பட்டது. இரண்டு கம்ப்யூட்டர் ஷீட்டும் சேர்ந்து தரும் பட்டைகள் சுத்தமாக இருக்கின்றன, ஐந்து நிமிஷத்தில் அலுத்துவிடுகின்றன. ஒன்று கையால் போட்டதாக இருந்தால், நான் எந்த இடத்தில் களைத்தேன், எங்கே மூச்சை அடக்கிக்கொண்டு போட்டேன் என்பதெல்லாம் பட்டையில் தெரிகிறது.

இதைக் கோலத்தோடு சேர்த்துப் பேசுகிறவர்கள் உண்டு. புள்ளி, கோடு, ஒழுங்கு எல்லாம் இருப்பதால் தோன்றுவது சகஜம். ஆனால் சிக்குக் கோலத்தில் கம்பி எங்கே போட்டீர்களோ அங்கேயே இருக்கும். இங்கே நான் போட்டதை யாரும் பார்ப்பதில்லை.

இப்படிக் கண்ணை ஏமாற்றும் படங்கள் பெரிய அலையாக எழுந்தது அறுபதுகளில். 1965-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் இதற்கென்றே ஒரு பெரிய கண்காட்சி வைத்தது. இங்கிலாந்து ஓவியர் பிரிட்ஜெட் ரைலி அதில் ஒரே நாளில் நட்சத்திரமாகி, தன் ஓவியம் கவுன் துணியில் டிசைனாக வந்து நிற்பதைப் பார்த்து நொந்துபோனார். எனக்கு அவரைவிட வெனிசுவேலாக் கலைஞர் ஹெசூஸ் ரஃபேல் சோட்டோவைத்தான் பிடிக்கும். பாரிஸில் ராத்திரிகளில் கிட்டார் வாசித்துப் பிழைத்துக்கொண்டு, ஐம்பதுகளிலேயே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பலகைகளில் கோடுகள் போட்டு, பின்னால் உள்ள கோடுகளில் இருந்து இடைவெளி விட்டு நிறுத்தினார். பார்ப்பவர் நடந்தால் படம் நடக்கும். படத்தில் மோட்டார் எதுவும் கிடையாது.

நானும் அதையே செய்து பார்க்கலாம் என்று ஃபிரேம் கடைக்குப் போனேன். இரண்டு கண்ணாடி, நடுவில் 12 மில்லிமீட்டர் இடைவெளி, முன்னால் கம்ப்யூட்டர் ஷீட், பின்னால் கையால் போட்டது, இரண்டுமே 2 மில்லிமீட்டர். கடைக்காரர் "சார், நடுவுல தூசி போய் உக்காந்துக்கும், ஒட்டி அடிச்சுடலாமே" என்று மூன்று தடவை சொன்னார். ஒட்டிவிட்டால் ஒன்றுமே தெரியாது, ஒரே அளவு கோடுகள் ஒன்றன் மேல் ஒன்று பதுங்கிவிடும். தள்ளி வைத்தால் பின்னால் இருப்பது கண்ணுக்குக் கொஞ்சம் சின்னதாகத் தெரியும், ஜெராக்ஸ் மிஷின் செய்த வேலையைத் தூரம் செய்துவிடும். இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் ஒரு முழுப் பட்டைகூட வராது. அரை மீட்டருக்கு வந்தால் மூன்று பட்டைக்கு மேல். பக்கவாட்டில் ஒரு எட்டு வைத்தால் எல்லாம் சேர்ந்து ஓடும்.

படம் போடாமல் இவ்வளவு எழுதுகிறேனே என்று கேட்பீர்கள். போனில் எடுத்தால் கேமராவின் சென்சாரில் உள்ள கட்டங்களும் சேர்ந்துகொண்டு மூன்றாவதாக ஒரு மொய்ரேயைப் போட்டுவிடுகின்றன, டிவியில் பொடிக்கட்டம் போட்ட சட்டை மினுமினுப்பது மாதிரி. நான் தொங்கவிட்டிருப்பது வேறு, போன் காட்டுவது வேறு. இன்னொன்று, தலைவலி வருகிறவர்கள் இதை ரொம்ப நேரம் பார்க்க வேண்டாம். எனக்கே சனிக்கிழமை மாலையானால் ஒரு மாத்திரை தேவைப்படுகிறது.

ஃபிரேமை ஹாலில் மாட்டி இரண்டு மாசம் ஆகிறது. அம்மா "கண்ணைக் கட்டுது" என்று அந்தப் பக்கம் முகம் திருப்பாமல் போகிறார். தூசியும் கடைக்காரர் சொன்னபடியே உட்கார்ந்துவிட்டது. போன வாரம் கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர் மீட்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது சுவர்ப் பக்கம் பார்த்து நின்றார். இரண்டு எட்டு பின்னால் போனார், மறுபடி முன்னால் வந்தார், தலையை மட்டும் இடதும் வலதுமாக ஆட்டிப் பார்த்தார். எண்பத்தேழாவது கோடு இருக்கும் இடத்தில் விரலை வைத்து, "இங்க மட்டும் ஏன் சார் தடுக்குது?" என்று கேட்டார். டீ குடிக்கப் போய்விட்டேன் என்றேன்.