ஒரு டாலர் மேயர்

வேலையை விட்டுத் தூக்கும்போது கையில் ஒரு கோடி டாலர் கொடுத்து அனுப்பினால் யாருக்குத்தான் கசக்கும்! 1981இல் சாலமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி கல்தா கொடுத்தபோது மைக்கேல் ப்ளூம்பெர்க்குக்குக் கிடைத்தது அதுதான். அந்தப் பணத்தைப் போட்டுத்தான், கடன்பத்திர விலைகளை உடனுக்குடன் காட்டும் கணினித் திரை (டெர்மினல்) தொழிலை ஆரம்பித்தார்.

அப்புறம் 2002 ஜனவரியில் நியூயார்க் மேயர். சம்பளம் வருடத்துக்கு ஒரே ஒரு டாலர் (கோடீஸ்வரருக்கு அது பெரிய தியாகமா என்று கேட்காதீர்கள்). எனக்குப் பிடித்தது அவர் உட்கார்ந்த இடம். சிட்டி ஹாலில் தனியறை வேண்டாமென்று, பெரிய கூடத்தில் மேஜைகளை நெருக்கிப் போட்டு, அதிகாரிகளுக்கு நடுவே தானும் ஒரு சின்னத் தடுப்புக்குள் உட்கார்ந்துகொண்டார், பங்குத் தரகர் அலுவலகம் மாதிரியே. குப்பையோ ரோட்டுப் பள்ளமோ, எதற்கும் 311 என்ற போன் நம்பரை அழைக்கலாம் என்பதும் 2003இல் அவர் காலத்தில் வந்ததுதான்.

ஆனால் இரண்டு தடவைக்கு மேல் கூடாது என்றிருந்த விதியை 2008இல் கவுன்சிலை வைத்து மாற்றி, மூன்றாவது தடவையும் நின்றாரே, அது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. சொந்தக் காசு பத்து கோடி டாலருக்கு மேல் இறைத்தும் ஐந்து சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில்தான் தப்பித்தார்.