கிராபிக் டிசைனராக விரும்பும் கொழும்பு மாணவருக்கு: உளச்சார்புப் பரீட்சை, போர்ட்போலியோ, தமிழ் எழுத்து

உயர்தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரையிலான மாதங்களில், கொழும்பில் இருக்கும் தமிழ் மாணவர்கள் பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: போட்டோஷொப்பும் இலஸ்ட்ரேட்டரும் படித்துவிட்டால் விளம்பர நிறுவனமொன்றில் வேலை கிடைக்குமா? இந்தத் துறையில் படித்து, பயிலுநராகச் சேர்ந்து, இன்றுவரை அதிலேயே பணியாற்றிவருபவள் என்ற வகையில், மென்பொருள் மட்டும் போதாது என்றே பதில் சொல்லி வருகிறேன். பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு முன் இயல்பான திறனைச் சோதிக்கும் உளச்சார்புப் பரீட்சையிலும் சரி, வேலைக்கான நேர்முகத்திலும் சரி, எதிரில் இருப்பவர்கள் தேடுவது, ஒரு செய்தியை உள்வாங்கி அதில் எது முதலில் கண்ணில் பட வேண்டும், எது பிறகு பட வேண்டும் என்று தீர்மானிக்கத் தெரிந்த ஒருவரையே. தமிழ் மாணவருக்கு அத்துடன் இன்னொரு பலமும் உண்டு. தமிழ் எழுத்தைச் சிதைக்காமல், அழகு கெடாமல் ஒரு பக்கத்தில் நிறுத்தத் தெரிந்தவர்கள் இந்த நகரத்தின் விளம்பரத் துறையில் இன்னும் போதுமான அளவு இல்லை.

முதலில் படிப்பு வழிகளைச் சொல்லிவிடுகிறேன். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புப் பட்டம் நான்கு ஆண்டுகளைக் கொண்டது. அதற்கு இசட் புள்ளி மட்டும் போதாது, உளச்சார்புப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். கொழும்பிலுள்ள கட்புல அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகம் 2005 இல் தனிப் பல்கலைக்கழகமாக ஆக்கப்பட்டது. அதன் கட்புலக் கலைகள் பீடமும் சேர்க்கைக்குத் திறன் பார்க்கிறது. கொழும்பை விட்டுச் செல்லத் தயங்காதவர்களுக்கு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சேர் பொன்னம்பலம் இராமநாதனின் பெயரைத் தாங்கிய நுண்கலைப் பிரிவில் சித்திரமும் வடிவமைப்பும் உண்டு. மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் உண்டு. இவற்றைத் தவிர தனியார் வடிவமைப்புக் கல்லூரிகளும், தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் தரும் அரச பயிற்சி நிலையங்களும் இருக்கின்றன. தேசிய தொழிற்தகைமையில் 4 ஆம் மட்டம் தேர்ச்சி பெற்ற தொழிலாளருக்கு உரியது. 5 ஆம், 6 ஆம் மட்டங்கள் டிப்ளோமா நிலையையும் 7 ஆம் மட்டம் பட்ட நிலையையும் குறிக்கின்றன. பல்கலைக்கழகம் கிடைக்காதவர்கள் இந்த வழியைத் தாழ்வாக நினைத்து ஒதுக்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் நல்ல போர்ட்போலியோ, அதாவது செய்த வேலைகளின் தேர்ந்த தொகுப்பு, கையில் இருந்தால் எந்த வழியாக வந்தாய் என்று நேர்முகத்தில் நெடுநேரம் கேட்பவர்கள் மிகக் குறைவு.

உளச்சார்புப் பரீட்சைக்கான அறிவித்தல்களில் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலில் கற்கைநெறி இருக்கிறது என்பதால் விண்ணப்பம் தானாகப் போய்விடாது. பரீட்சைக்கு அந்தந்தப் பல்கலைக்கழகம் தனியாக விண்ணப்பம் கோரும், முடிவுத் திகதியும் தனியாகவே இருக்கும். பெறுபேறு நன்றாக இருந்தும் இந்த அறிவித்தலைக் காணாமல் விட்ட பிள்ளைகளை நான் அறிவேன்.

பரீட்சைக்கு எப்படித் தயாராவது என்பதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இதற்கு மனனம் செய்ய எதுவும் இல்லை என்பதால், ரியூசன் வகுப்புகளுக்குப் பழகிய நமக்கு அது ஆரம்பத்தில் கலக்கத்தைத் தரும். வடிவமைப்புத் துறைக்கான இத்தகைய பரீட்சைகளில் பொதுவாக எதிர்பார்க்கப்படுபவை, முன்னால் உள்ள பொருளைப் பார்த்து வரைதல், நினைவிலிருந்து ஒரு காட்சியை வரைதல், கொடுக்கப்பட்ட வடிவங்களைக் கொண்டு புதியதொன்றை அமைத்தல், அன்றாடப் பொருளொன்றின் குறையைக் கண்டு அதைத் திருத்தி யோசித்தல் ஆகியவை. ஆகவே ஒவ்வொரு நாளும் பென்சிலால் வரைய வேண்டும், அதுவும் புகைப்படத்தைப் பார்த்து அல்ல, பொருளையே பார்த்து. சமையலறையில் இருக்கும் தேங்காய் துருவி, பாதி திறந்த குடை, காலையில் கழற்றிவிட்ட செருப்பு ஆகியவற்றை வெவ்வேறு கோணங்களில் வரைந்து பழகியவருக்குப் பரீட்சை மண்டபத்தில் எந்தப் பொருளை வைத்தாலும் கை நடுங்காது. நிழலை அழகாகத் தேய்ப்பதற்கு முன் அளவு விகிதம் சரியாக இருக்க வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருங்கள். விகிதம் பிழைத்த படத்தை எந்த நிழலும் காப்பாற்றாது.

நினைவிலிருந்து வரையும் கேள்விகளுக்குக் கொழும்பே நல்ல பயிற்சிக் களம். புறக்கோட்டைச் சந்தையில் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து, அங்கே மனிதர்கள் எந்தத் திசையில் சாய்ந்து சுமை தூக்கினார்கள், தள்ளுவண்டியின் பிடி எந்த உயரத்தில் இருந்தது என்று வரைந்து பாருங்கள். பாணந்துறைக்கும் புறக்கோட்டைக்கும் இடையே ஓடும் 100 ஆம் இலக்க பஸ்ஸில் வரும்போது காலி வீதியின் விளம்பரப் பலகைகளைப் பார்த்து, எது ஒரே பார்வையில் புரிந்தது, எது கடந்துபோன பின்னும் புரியவில்லை, அதற்குக் காரணம் என்ன என்று குறிப்பெடுங்கள். இந்தக் குறிப்புப் புத்தகம் பரீட்சைக்கும் உதவும், பின்னர் நேர்முகத்தில் பேசுவதற்கும் உதவும்.

போர்ட்போலியோ என்பது செய்த எல்லாவற்றையும் அடுக்கும் கோவை அல்ல. பத்துக்கு உட்பட்ட வேலைகள் போதும். ஆனால் ஒவ்வொன்றிலும் பிரச்சினை என்ன, முதலில் என்னென்ன யோசனைகளை வரைந்து பார்த்தீர்கள், ஏன் மற்றவற்றைக் கைவிட்டீர்கள் என்பது தெரிய வேண்டும். புதிதாக வருபவர்கள் புகழ்பெற்ற குளிர்பானத்துக்கோ சப்பாத்துக்கோ கற்பனை விளம்பரம் செய்து கொண்டுவருகிறார்கள். அதைவிட, கொட்டாஞ்சேனையில் உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள பலசரக்குக் கடையின் பெயர்ப்பலகை, ஆலயத் திருவிழா அறிவித்தல், மருந்துச் சாலையில் மருந்து எடுக்கும் நேரத்தைக் குறித்துத் தரும் சிறிய உறை ஆகியவற்றை எடுத்து, வயதானவர்களும் வாசிக்கும்படி திருத்தி அமைத்துக் காட்டினால், உங்களுக்குச் சொந்தமாக ஒரு பார்வை இருக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும். மும்மொழியிலும் செய்த ஒரு வேலையாவது அதில் கட்டாயம் இருக்கட்டும்.

இனி, நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் தமிழ் எழுத்துக்கு வருகிறேன். 1987 இன் 13 ஆவது திருத்தத்தின் பின்னர் தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. பொதி உறை முதல் வங்கி அறிவித்தல் வரை மூன்று மொழிகளும் ஒரே பரப்பில் சேர்ந்து நிற்க வேண்டியிருக்கிறது. ஆனால் வேலைத்தலத்தில் தமிழ் வாசகம் பெரும்பாலும் கடைசியில்தான் வந்து சேரும். சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் அமைத்த இடத்தில் அதை நெருக்கித் திணிப்பார்கள். தமிழில் ஒரே கருத்து பெரும்பாலும் அகலமான இடத்தைப் பிடிக்கிறது, விகுதிகள் ஒட்டி ஒட்டிச் சொற்கள் நீள்கின்றன, ஒடுங்கிய பத்தியில் ‘பாவனையாளர்களுக்கு’ என்ற ஒரு சொல்லே ஒரு வரியை எடுத்துக்கொள்கிறது. எனவே அமைப்பைத் தொடங்கும்போதே தமிழை வைத்து இடத்தை அளப்பவர், கடைசி நேரத்தில் எழுத்தின் அளவைக் குறைக்க வேண்டியதில்லை.

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு இல்லை. ஆகவே ஆங்கிலத்தில் தலைப்பைப் பெரிய எழுத்தாக்கி முதன்மை கொடுப்பதைப் போல இங்கே செய்ய முடியாது. எழுத்தின் தடிப்பு, அளவு, சுற்றியுள்ள வெற்றிடம் ஆகியவற்றாலேயே முதன்மையைக் காட்ட வேண்டும். மேலே புள்ளியும் விசிறியும் (இகரக் குறி) கீழே உகர ஊகாரச் சுழிகளும் வருவதால், ஆங்கிலத்துக்குப் பொருந்தும் வரி இடைவெளி தமிழுக்குப் போதாது. எழுத்துகளுக்கிடையே இடைவெளியை அதிகரித்து நவீனத் தோற்றம் தர முயன்றால், துணைக்கால் தன் எழுத்தை விட்டு விலகி வாசகரை இடறச் செய்யும். இவையெல்லாம் சிறிய விடயங்களாகத் தோன்றலாம். ஆனால் பிழையான தமிழ்ப் பலகையின் முன்னால் நிற்கும் தமிழ் வாசகர், தான் ஒரு பொருட்டாக நினைக்கப்படவில்லை என்றே உணர்கிறார்; அந்த உணர்வை அகற்றும் பொறுப்பு நம் கையில் இருக்கிறது.

எழுத்துருவைப் பற்றி ஒரு நடைமுறைக் குறிப்பு. இலங்கையின் அச்சகங்களில் பாமினி எழுத்துரு நீண்டகாலமாகப் பயன்பட்டு வருகிறது. அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய முறை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். ஆகவே ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனிக் குறியீடு உள்ள பொது முறையான யுனிகோட்டில் தட்டச்சுச் செய்யப் பழகுங்கள், பாமினியிலிருந்து யுனிகோட்டுக்கு மாற்றவும் தெரிந்திருங்கள், ஏனென்றால் இரண்டு வகைக் கோப்புகளும் உங்கள் மேசைக்கு வரும். யுனிகோட் எழுத்தை இலஸ்ட்ரேட்டரில் ஒட்டும்போது தெற்காசிய மொழிகளுக்கான எழுத்துக்கோப்புத் தெரிவை (composer) இயக்காவிட்டால், கொம்பு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். ‘கொழும்பு’ என்ற ஊர்ப்பெயரே முதல் எழுத்தில் உடைந்துவிடும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கட்டமரன், பாலூ தம்பி போன்ற எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இவற்றை ஒரே வாசகத்தில் அருகருகே வைத்து, எது அறிவித்தலுக்குப் பொருந்துகிறது, எது பிள்ளைகளுக்கான பொதிக்குப் பொருந்துகிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது மிகச் சிறந்த பயிற்சி. செயற்கை நுண்ணறிவால் உருவாக்கும் படங்களில் தமிழ் எழுத்து சிதைந்து வருவதுண்டு என்பதால், படத்தை அங்கே பெற்றாலும் எழுத்தை நீங்களே அமைக்க வேண்டும்.

அச்சுக்குப் போகும் வேலைகளின் அடிப்படைகளைப் புத்தகத்தில் படிப்பதைவிட அச்சகத்தில் நின்று படிப்பது நல்லது. திரை ஒளியின் மூன்று நிறங்களால் காட்டுவதை, அச்சு இயந்திரம் சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளால் காட்டுகிறது. ஆகவே திரையில் பளிச்சிடும் பச்சை தாளில் மங்கிப் போகும். கையில் வைத்துப் பார்க்கும் அச்சு வேலைக்குப் படங்கள் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் கொண்டிருக்க வேண்டும், வெட்டும் ஓரத்துக்கு வெளியே 3 மில்லிமீற்றர் வரை நிறம் நீண்டிருக்க வேண்டும். சிறிய தமிழ் எழுத்துகளுக்குக் கறுப்பு மையை மட்டுமே கொடுங்கள். நான்கு மைகளையும் கலந்து கறுப்பாக்கினால் அச்சுத் தகடுகள் மயிரிழை விலகினாலும் சுழிகள் மங்கி அடைபட்டுவிடும். ஒரு அச்சக ஊழியரிடம் மரியாதையுடன் கேட்டால், மையும் தாளும் நடந்துகொள்ளும் விதத்தைப் பொறுமையாகச் சொல்லித் தருவார். எனக்கு அப்படிச் சொல்லித்தந்த அண்ணாமாரை நான் இன்றும் நன்றியுடன் நினைக்கிறேன்.

மென்பொருளின் செலவு இப்போது உண்மையான தடை. 2022 இல் ரூபாவின் பெறுமதி சரிந்த பின்னர், டொலரில் மாதச் சந்தா கட்டுவது மாணவருக்கு இலகுவல்ல. இங்க்ஸ்கேப், கிம்ப், ஸ்கிரைபஸ் ஆகிய இலவச மென்பொருள்களில் அடிப்படையைக் கற்றுக்கொண்டு, பயிற்சி நிலையத்திலோ வேலையிலோ போட்டோஷொப், இலஸ்ட்ரேட்டர் போன்ற அடோபி மென்பொருள்களுக்கு மாறுவது சிரமமாக இருக்காது.

வேலையைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பயிலுநர் காலத்துக் கொடுப்பனவு போக்குவரத்துக்கும் மதிய உணவுக்கும் மட்டுமே போதும் என்ற நிலை பல இடங்களில் உண்டு. சித்திரைப் புத்தாண்டு, நத்தார், தீபாவளி வரும் காலங்களில் இரவுகள் நீளும். பெண் பிள்ளைகள் இரவில் வீடு திரும்பும் ஏற்பாட்டை நியமனக் கடிதம் வாங்கும்போதே கேட்டுவிடுவது முறையானது, அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. தனியாக வேலை எடுத்துச் செய்பவர்கள் முற்பணம் வாங்காமல் தொடங்கக் கூடாது. எத்தனை தடவை திருத்தம் செய்து தரப்படும் என்பதையும், மூலக் கோப்பு யாருக்கு உரியது என்பதையும் எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.

அம்மா அப்பாவின் தயக்கத்தை அலட்சியம் செய்யாதீர்கள். வைத்தியர், பொறியியலாளர், கணக்காளர் என்ற வரிசைக்கு வெளியே உள்ள தொழிலில் பிள்ளை எப்படிப் பிழைக்கும் என்ற அவர்களுடைய கவலை நியாயமானது. மாதச் சம்பளத்துடன் இந்த வேலையைச் செய்யும் ஒருவரிடம் அவர்களை அழைத்துச் சென்று பேச வையுங்கள். பத்திரிகை, வங்கி, ஆடை ஏற்றுமதி நிறுவனம், பொதி தயாரிக்கும் தொழிற்சாலை என்று டிசைனர் பணியாற்றும் இடங்களைச் சொல்லுங்கள். உளச்சார்புப் பரீட்சை கைகூடாவிட்டால் அச்சகமொன்றில் வேலை செய்துகொண்டே 4 ஆம் மட்டச் சான்றிதழைப் பெற்று, பிறகு டிப்ளோமாவுக்குப் போகலாம் என்ற இரண்டாவது திட்டத்தையும் ஒரு தாளில் எழுதி, கட்டணங்களையும் கால அளவையும் விசாரித்துக் குறித்து, அவர்கள் முன்னால் வையுங்கள்.