கஞ்சில் 850: ஆட்டோவிலிருந்து மேனுவலுக்கு

என் 2001ஆம் ஆண்டுப் பெரோடுவா கஞ்சில் 850 என்ற மலேசியச் சிறு காரில், தானாகக் கியர் மாறும் ஆட்டோ கியர்பாக்ஸ் போய், கையால் கியர் மாற்றும் மேனுவல் கியர்பாக்ஸ் ஏறிவிட்டது. வண்டி சாலையில் ஓடவும் தொடங்கிவிட்டது. இந்த வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கியர்பாக்ஸைக் கழற்றி மாட்டுவது இதில் சின்ன வேலை. மூன்றாவது பெடலான கிளட்சைப் பொருத்துவதுதான் பெரிய வேலை.

பழைய ஆட்டோ கியர்பாக்ஸுக்கு மூன்றே வேகங்கள். 847 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சினுக்கு அது போதவே போதாது. பினாங்குப் பாலத்தில் அனுமதிக்கப்பட்ட 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டாலே எஞ்சின் கதறும். போதாக்குறைக்குக் கியர் எண்ணெய் கறுத்து, தீய்ந்த வாடை அடித்து, ஏற்றத்தில் கியர் வழுக்கவும் தொடங்கியது. அதைப் பிரித்துச் சீர்செய்ய ஆகும் செலவில் ஐந்து வேக மேனுவலையே வாங்கிவிடலாம் என்று தோன்றியது. கார்புரேட்டர் வண்டி என்பதால் எஞ்சின் கணினியை மாற்றும் தலைவலியும் இல்லை.

சாமான்களுக்கு புக்கிட் மெர்தாஜாம் பக்கம் பழைய கார்களை உடைத்து விற்கும் கடைக்குப் போனோம். கூட வந்தவர் லாரி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு அண்ணன். கடை முதலாளியான தவுக்கே, கழற்றி வைத்திருந்த கியர்பாக்ஸைக் காட்டினார். அண்ணன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உடைக்காத வண்டி ஒன்றைக் கேள், தம்பி. எல்லாச் சாமானும் ஒரே வண்டியிலிருந்து வரட்டும்" என்றார். அதுவே சரியான யோசனை. கிளட்ச் உட்காரும் சக்கரமான ஃப்ளைவீல், அதற்குரிய போல்ட்டுகள், டிரைவ் ஷாஃப்டுகள், கியர்பாக்ஸைத் தாங்கும் மவுண்டிங், ஸ்டார்ட்டர், கியர் லிவர், பெடல் சட்டம், கிளட்ச் கேபிள் எல்லாம் ஒரே மேனுவல் கஞ்சிலிலிருந்து வந்தன. இவற்றைத் தனித்தனியாகத் தேடியிருந்தால் அலைச்சலுக்கு முடிவே இருந்திருக்காது.

அந்த வண்டியின் பெடல் சட்டத்தைக் கழற்றும் முன், எஞ்சின் அறைக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள தகட்டில் ஒரு தடித்த அட்டையை வைத்து அழுத்தினேன். பிரேக் பெடல் சட்டத்தின் போல்ட்டுகளும் கிளட்ச் கேபிள் நுழையும் துளையும் எங்கெங்கே இருக்கின்றன என்று பென்சிலால் குறித்துக்கொண்டேன். என் வண்டியில் பிரேக் போல்ட்டுகள் ஏற்கெனவே இருக்கின்றன அல்லவா? அட்டையை அவற்றோடு பொருத்தியதும் கிளட்ச் துளை எங்கே வர வேண்டும் என்பது பிசகாமல் தெரிந்துவிட்டது. ஸ்டியரிங்குக்குக் கீழே மல்லாந்து படுத்து, முகத்தில் இரும்புத்தூள் கொட்டக் கொட்டத் துளையிட்டு, ஓரங்களை அரத்தால் ராவினேன். பினாங்கின் ஈரக்காற்றில் வெறும் தகடு சீக்கிரம் துருப்பிடிக்கும். அதனால் துரு தடுக்கும் பெயின்ட் பூசி, காய்ந்த பிறகே ரப்பர் வளையத்தை மாட்டினேன். இதில் அவசரம் கூடாது. துளை சற்றே தள்ளிப் போனாலும் கேபிள் மடங்கி, பெடல் கல்லாகக் கனக்கும்.

அடிப்பக்கத்து வேலை நூல் பிடித்தாற்போல் நடந்தது. ஆட்டோவில் கிளட்சுக்குப் பதிலாக இருக்கும் டார்க் கன்வெர்ட்டரும் அது மாட்டியிருந்த மெல்லிய தகடும் போயின. ஃப்ளைவீலை லேத் பட்டறையில் கடைந்து வாங்கினோம். கிராங்க் பின்புற ஆயில் சீலை அந்தச் சமயத்திலேயே மாற்றிவிட வேண்டும். பிறகு கசிந்தால் எல்லாவற்றையும் மறுபடி இறக்க வேண்டிவரும். கிளட்ச் தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் புதியவை.

மின்கம்பிகளில் கவனம் வேண்டியது ஸ்டார்ட்டர் இணைப்பு. ஆட்டோ வண்டி P (பார்க்கிங்) அல்லது N (நியூட்ரல்) நிலையில் மட்டுமே ஸ்டார்ட் ஆகும். அதற்கான சுவிட்ச் பழைய கியர்பாக்ஸோடு போய்விடுகிறது. பலர் அந்த இரண்டு கம்பிகளையும் நேராக முறுக்கிவிடுகிறார்கள். அது ஆபத்து. கியரில் நிற்கும் வண்டியில் யாராவது சாவியைத் திருப்பினால் அது முன்னால் பாய்ந்துவிடும். நான் கிளட்ச் பெடலில் ஒரு சுவிட்சைப் பொருத்தி, பெடலை முழுக்க மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும்படி செய்திருக்கிறேன். ரிவர்ஸ் விளக்குக் கம்பிகள் புதிய கியர்பாக்ஸிலுள்ள சுவிட்சுக்குப் போயின.

முதல் நீண்ட ஓட்டம் துன் சார்டோன் மலைச்சாலையில், ரெலாவிலிருந்து பாலிக் பூலாவுக்கு. முன்பு மூச்சிரைத்த வளைவுகளில் இப்போது இரண்டாவது, மூன்றாவது கியரில் வண்டி தெம்பாக ஏறுகிறது. பாலத்தில் ஐந்தாவது கியர் போட்டால் பக்கத்தில் இருப்பவரோடு சாதாரணக் குரலில் பேசலாம். இந்தச் சின்ன வண்டிக்கு இப்படித்தான் கியர் இருந்திருக்க வேண்டும் என்று மனதாரச் சொல்வேன்.

இனி, கிளட்ச் தட்டு படிந்ததும் கேபிளைத் திரும்பச் சரிசெய்ய வேண்டும். கியர் எண்ணெயை ஒருமுறை வடித்து மாற்ற வேண்டும். எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் மாறவில்லை என்றாலும் சாலைப் போக்குவரத்துத் துறையிடம் விவரம் கேட்டு, காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவிக்கப்போகிறேன். தங்கையிடம் இருப்பது ஆட்டோ கார்களுக்கு மட்டுமான டிஏ உரிமம். அதனால் மேனுவல் கார்களுக்கான டி உரிமம் எடுக்கும் வரை இந்த வண்டியை அவள் ஓட்ட முடியாது. அடுத்த மாதம் பயிற்சிப் பள்ளியில் சேர்கிறாள்.